வட்டம் இல்லாத வட்டவூர்

அமெரிக்க நாட்டில் பெண்ணையோ பிள்ளையையோ குடிவைத்துவிட்டு, ஆறு மாத அனுமதியோடு போய்ப் பார்த்து வரும் பெற்றோர் நம் சங்கக் குடும்பங்களில் பலர் உளர். அவர்களுள் பெரும்பாலோர் சித்திரையில் புறப்பட்டுப் புரட்டாசி பிறக்கும் முன்னரே திரும்பிவிடுகின்றனர். குளிருக்கு அஞ்சியே இவ்வாறு செய்கின்றனர். நானும் இரு முறை அவ்வாறே திரும்பியவன்தான். 2023ஆம் ஆண்டில், நவராத்திரிக்கு நாங்கள் இருந்தே தீரவேண்டும் என்று மகள் பிடிவாதம் செய்தாள். ஆகவே ஆனியில் போனவர்கள் ஐப்பசி கழியும் வரையில் தங்கினோம். தங்கியதால் காணக் கிடைத்த ஒரு சிற்றூரைப்பற்றி, இனிப் போகவிருப்போர்க்குப் பயன்படும் என்று கருதி, இங்கே எழுதுகிறேன்.

ஊரின் பெயர் சர்க்கிள்வில். தமிழில் வட்டவூர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒஹாயோ மாநிலத்தின் தலைநகராகிய கொலம்பஸிலிருந்து தெற்கே சுமார் 25 மைல் தொலைவில், சயோட்டோ என்னும் ஆற்றங்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை 14,000 அளவே. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் சமவெளி. கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்கு ரயிலில் போகும்போது கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளம் இல்லாமல் நிலம் விரிந்து கிடக்குமே, அது போன்ற காட்சி. ஆனால் நாங்கள் போன வேளையில் பச்சை இல்லை. அங்கே ஐப்பசி என்பது அடைமழைக் காலம் அன்று, அறுவடைக் காலம். சோளத்தட்டைகள் காய்ந்து பழுப்பேறி நின்றன. மேப்பிள் மரங்கள் குங்குமம் கொட்டினாற்போல் சிவந்திருந்தன. அந்தச் சிவப்பு இரண்டு மூன்று வாரமே நிற்கும் என்றும், பிறகு மரமெல்லாம் மொட்டை என்றும் மருமகன் சொன்னார். புரட்டாசியில் திரும்பிவிடுவோர் இழப்பதில் இதுவும் ஒன்று.

வட்டவூரில் வட்டம் எங்கே என்று நான் கேட்டேன். “வட்டம் இல்லை, மாமா. ஒரு காலத்தில் இருந்தது” என்றார் மருமகன்.

அந்தக் கதை கேட்கத்தக்கது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஆராய்ச்சியாளர் ஹோப்வெல் பண்பாட்டினர் என்று குறிக்கும் அந்நாட்டுப் பழங்குடி மக்கள், அவ்விடத்தில் மண்ணைக் குவித்துப் பெரியதொரு வட்டக் கரை எழுப்பினர். குறுக்களவு 1,100 அடி. ஒன்றனுள் ஒன்றாக இரண்டு கரைகள். அவற்றை ஒட்டினாற்போல் ஒரு சதுரக் கரையும் இருந்தது. 1810இல் வெள்ளையர் அங்கே ஊர் அமைக்க வந்தபோது, அவ்வட்டத்தின் அழகைக் கண்டு, அதற்குள்ளேயே வட்ட வட்டமாகத் தெரு வகுத்து, நடுவே எண்கோண வடிவில் ஒரு நீதிமன்றமும் கட்டிக்கொண்டனர். ஊருக்கு அவ்வாறுதான் பெயர் வந்தது. அவ்வூரின் அஞ்சல் அதிகாரியாக இருந்த கேலப் அட்வாட்டர் என்பவர் இவற்றையெல்லாம் அளந்து வரைந்து 1820இல் நூலாக வெளியிட்டமையால் இன்று நமக்கு இவ்விவரங்கள் கிடைக்கின்றன.

ஆனால் வட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மனைகள் கோணல் மாணலாக அமைந்தன. விற்கவும் வாங்கவும் தொல்லையாக இருந்தது. நீதிமன்றத்தைச் சுற்றியிருந்த வெளியில் பன்றிகள் மேய்ந்தன என்றும் ஒரு குறை. 1837இல் மாநிலச் சட்டமன்றத்தின் அனுமதி பெற்று, ‘வட்டவூரைச் சதுரமாக்கும் கம்பெனி’ என்ற பெயரிலேயே ஒரு கம்பெனி தொடங்கினர். பகுதி பகுதியாகத் தெருக்களை நிமிர்த்தினர். 1856இல் வேலை முடிந்தது. வட்டத்தைச் சதுரமாக்குதல் கணித நூலோர்க்குக் கைகூடாத காரியம். ஒஹாயோ வணிகர் அதனைப் பத்தொன்பது ஆண்டில் செய்து முடித்தனர்! பழைய கரைகளில் இன்று கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை.

நாங்கள் போனதற்கு முந்திய மாதம், 2023 செப்டம்பரில், ஒஹாயோவில் அதே மக்கள் கட்டி இன்றும் எஞ்சியுள்ள எட்டு மண்கட்டுமானங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் சில, வட்டவூருக்குத் தெற்கே சுமார் 20 மைல் தொலைவிலுள்ள சில்லிகாதி நகரை அடுத்து உள்ளன. வட்டவூர் அந்தப் பட்டியலில் இல்லை. எப்படி இருக்கும்?

நிற்க. இவ்வூர் இன்று நாடறிய விளங்குவது ஒரு காயினால். அக்டோபர் மாதத்து மூன்றாம் புதன்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடிய நான்கு நாள் அங்கே பரங்கிக்காய்த் திருவிழா நடைபெறுகிறது.

இந்தக் காயைப்பற்றியும் சிறிது சொல்லவேண்டும். தஞ்சைப் பக்கத்தார்க்குப் பரங்கிக்காய். கொங்கு நாட்டார்க்கு அரசாணிக்காய். சென்னையில் மஞ்சள் பூசணி. தில்லிக்கு வந்த புதிதில் காய்கறிக்காரன் அதனைச் சீதாபல் என்று கூவக் கேட்டு, சீதாப்பழம் என்று எண்ணிப் பையோடு கீழே ஓடி ஏமாந்தவர் நம்மில் பலர். பம்பாய் அன்பர்க்கு அது லால் போப்ளா. பரங்கி என்ற பெயரே, அது பரங்கியர் வழியாக வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. பூர்விகம் அமெரிக்கக் கண்டம். மெக்ஸிகோ நாட்டுக் குகை ஒன்றில் கிடைத்த இவ்வினத்து விதைகளுக்கு ஏறக்குறைய 10,000 ஆண்டு வயது கணித்துள்ளனர். மார்கழிக் கோலத்தில் சாண உருண்டையின் மேல் அதன் பூவைச் சூட்டுகிறோம். பொங்கலன்று தவறாமல் குழம்பில் இடுகிறோம். நமக்கெல்லாம் முன்பே கடல் கடந்து குடிபெயர்ந்த காய் அது என்று நினைப்பதில்லை.

திருவிழா 1903இல் தொடங்கிற்று. அப்போது நகரத் தலைவராக இருந்த ஜார்ஜ் ஹாஸ்வெல் என்பவர், நாட்டுப்புறத்தாரும் நகரத்தாரும் ஒருவரோடு ஒருவர் கலந்து பழக ஒரு நாள் வேண்டும் என்று விரும்பினார். குடிநீர் நிலைய அலுவலகத்தின் வாசலில் சோளத்தட்டைகளைக் கட்டி நிறுத்தி, பரங்கிக்காய்களைக் குடைந்து முகம் செதுக்கி வைத்தார். அவ்வளவே. மறு ஆண்டு அண்டைக் கடைக்காரர்கள் தங்கள் வாசலிலும் வைத்தனர். அன்று முதல் வளர்ந்துகொண்டே வருகிறது. 2020இல் கொள்ளைநோயை முன்னிட்டு விழா நிறுத்தப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது, திடலும் கிடையாது. ஊரின் கடைத்தெருவே திடல். நான்கு நாளில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வருவதாக ஊரார் கணக்குச் சொல்கின்றனர்.

நாங்கள் அக்டோபர் 18ஆம் நாள், புதன்கிழமை காலையில் போனோம். ஒன்பது வயதுப் பேத்திக்குப் பள்ளியில் விடுப்புச் சொல்லியாயிற்று. ஊர் எல்லையில் முதலிற் கண்ணிற் படுவது குடிநீர்த் தொட்டி. உயரத் தாங்கி நிற்கும் அந்த உருண்டைத் தொட்டிக்குப் பரங்கிக்காயைப்போலவே வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஒரு மூதாட்டி தம் வீட்டுப் புல்வெளியில் வண்டி நிறுத்த இடங்கொடுத்து 10 டாலர் வாங்கிக்கொண்டார். அவர் என் மனைவியின் புடைவைக் கரையைத் தொட்டுப் பார்த்து, இதனை எத்தனை நாளில் நெய்வார்கள் என்று கேட்டார். காஞ்சிபுரத்தில் பிறந்தவளாயினும் அவளுக்கு விடை தெரியவில்லை!

ஊரின் நடு நாற்சந்தியில் பரங்கிக்காய்களைக் கோபுரமாக அடுக்கியிருந்தனர். கிருத்திகைச் சொக்கப்பனையைப் போன்ற வடிவம். அதனைச் சுற்றிலும் சுரை, பூசணி இனங்கள் வரிசை வரிசையாக இருந்தன. புதன்கிழமையின் தலையாய நிகழ்ச்சி பெருங்காய்களை நிறுத்தல். பாரந்தூக்கி வண்டியில் வார்கட்டி ஒவ்வொன்றாய்த் தூக்கி நிறுவையில் இறக்குகின்றனர். ஆயிரம் பவுண்டைத் தாண்டியவை பல. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி சற்றே சரிந்து உட்கார்ந்தாற்போல் இருந்தது ஒவ்வொன்றும். அவ்வாண்டு அக்டோபரிலேயே கலிபோர்னியாவில் நடந்த ஒரு போட்டியில், மின்னஸோட்டா மாநிலத்துத் தோட்டக்கலை ஆசிரியர் ஒருவரின் காய் 2,749 பவுண்டு நின்றது என்று பத்திரிகைகளில் வந்ததை அங்கே எல்லோரும் பேசிக்கொண்டனர்.

இவற்றை வளர்ப்பது எளிதன்று. கொடிக்கு ஒரு காயே விடுவார்கள். பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் சேர்ப்பார்கள். வெயில் பட்டுத் தோல் வெடிக்காதபடி துணிப்பந்தல் போடுவார்கள். முழு வளர்ச்சிப் பருவத்தில் ஒரே நாளில் 30, 40 பவுண்டு ஏறுமாம். வெடித்து ஓட்டை விழுந்துவிட்டால் போட்டிக்கு ஆகாது. உழைத்த உழைப்பெல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

காயில் மூன்று இனம் உண்டு என்பதையும் அங்கே கற்றேன். நிறுவையில் ஏறும் பெருங்காய் ஓர் இனம். முகம் செதுக்கும் செம்மஞ்சள் காய் மற்றோர் இனம். டப்பாவில் அடைத்துப் பணியாரத்துக்குப் பயன்படுத்துவது மூன்றாவது. அதன் தோல் வெளிறிய பழுப்பு நிறம். நம் நாட்டுப் பரங்கி இந்த மூன்றாம் இனத்தைச் சேர்ந்தது. இது தெரியாமல் முதல் வாரத்தில் செம்மஞ்சள் காய் ஒன்றை வாங்கி வந்து பால்கூட்டுச் செய்து, நாரும் நீருமாய் ஒருவரும் உண்ண முடியாமல் கொட்டினோம். விழாவில் ஓர் உழவரிடம் பழுப்புக் காயை வாங்கியபின் தான் கூட்டு கூட்டாயிற்று.

உணவு வகைகளைச் சொல்லி முடியாது. பரங்கிக்காய் டோநட், பரங்கிக்காய் ஐஸ்கிரீம், பரங்கிக்காய் வாஃபிள். எங்கு திரும்பினாலும் இலவங்கப்பட்டை மணம். பரங்கிக்காய்ப் பை என்பதும் உண்டு. கைப்பை அன்று, மாவு ஓட்டினுள் இனிப்புப் பூரணம் வைத்துச் சுட்ட பணியாரம். லிண்ட்ஸே என்னும் உள்ளூர் பேக்கரியில் 6 அடிக் குறுக்களவும் சுமார் 400 பவுண்டு எடையும் உள்ள பை ஒன்றைச் செய்து கடை முகப்பில் வைத்திருந்தனர். சைவ உணவினர்க்கு ஓர் எச்சரிக்கை: பரங்கிக்காய் பர்கர் என்ற பெயரை நம்பி ஏமாறற்க, அதில் இறைச்சி கலந்திருக்கிறது. பையின் மாவு ஓட்டிலும் சில இடங்களில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுண்டாகையால் கேட்டு வாங்குதல் நலம். முட்டையும் விலக்குவோர் வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போவதே மேல். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

நான்கு நாளில் ஏழு அணிவகுப்புகள் உண்டு. கைக்குழந்தைகளுக்கு வேடமிட்டு வண்டியில் தள்ளிவருவது ஒன்று; நாய் பூனைகளுக்கு ஒன்று; பள்ளி இசைக்குழுக்களுக்கு ஒன்று. முட்டையை எறிந்து பிடிக்கும் போட்டியும், பன்றியைக் கூவி அழைக்கும் போட்டியும் நடைபெறும். ராட்டினமும் பிளாஸ்டிக் பொம்மைக் கடையும் நம் ஊர்த் திருவிழாவில் இருப்பவைதாம். விலை அதிகம். கூட்டம் அஞ்சுவோர் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடவேண்டும்.

நண்பகலில், பள்ளி இசைக்குழுப் பிள்ளைகளின் பெற்றோர் நடத்திய ஒரு கடையில் காப்பி வாங்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தேன். பின்புறத்தில் எழுபது வயதிருக்கும் ஒருவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று பேச்சில் தெரிந்தது. எங்கள் ஊர்ச் சங்கங்களில் இளைஞர் வருவதில்லை, நீங்கள் எவ்வாறு அவர்களை வரவழைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, “வரவழைப்பதா? அவர்கள் வராவிட்டால் கடையை யார் திறப்பது?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மாவு கலக்கிக்கொண்டிருந்தான். அவனிலும் சிறிய பெண் ஒருத்தி சில்லறை எண்ணிக் கொடுத்தாள். தவறாக எண்ணினாள், மறுபடி எண்ணினாள். பெரியவர் யாரும் அவள் கையிலிருந்து பெட்டியை வாங்கவில்லை. தாம் எட்டு வயதில் இதே தெருவில் நாற்காலி சுமந்ததாக அம்முதியவர் சொன்னார்.

இதனை எழுதும்போது என் குற்றம் ஒன்றையும் எழுதிவிடவேண்டும். தில்லியில் நாங்கள் வசித்த பகுதியில் சிறியதொரு தமிழ்ச் சங்கம் உண்டு. எண்பதுகளில் ஆண்டுதோறும் பொங்கலைப் பூங்காவிலே வைப்போம். பையன்கள் வீடு வீடாகச் சென்று அரிசியும் வெல்லமும் தண்டுவார்கள். முதல் நாள் இரவு அங்கீட்டியில் கரிமூட்டிக் குளிர் காய்ந்தபடியே பெண்கள் காய் நறுக்குவார்கள். பஞ்சாபி அண்டை வீட்டாரும் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். பாதிப் பொங்கல் அடிப்பிடிக்கும். கணக்கு ஒருநாளும் சரியாக வராது. 2006இல் நான் பொருளாளரானேன். வாடகை மண்டபம், அனுமதிச் சீட்டு, ஒப்பந்தச் சமையல்காரர் என்று ஒரு திட்டம் கொணர்ந்தேன். எதிர்ப்பின்றி நிறைவேறியது. அவ்வாண்டு கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் வந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினர். முதலாண்டு நானூறு பேர் வந்தனர். 2019இல் அறுபது பேர். அறுபதும் நரைத்த தலைகள். இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று மேடையில் பேசினேன். அவர்கள் செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் நான் மிச்சம் வைக்கவில்லை என்பது வட்டவூரின் கடைத்தெருவில் காப்பி ஆறிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சதுரமாக்கும் கம்பெனிக்கு நானும் ஒரு பொருளாளர்!

மாலையில் திரும்பினோம். பேத்தி கைக்கடக்கமான பரங்கிப் பிஞ்சுகள் நான்கு வாங்கி வந்து, அன்றிரவே கொலுவில் செட்டியார் பொம்மையின் கடைக்கு முன்னே பரப்பிவிட்டாள். “செட்டியார் புதுச் சரக்கு இறக்கியிருக்கிறார், தாத்தா” என்றாள். சுண்டலுக்கு வந்த பெண்டிர் அனைவரும் முதலிற் பார்த்தது அதனைத்தான்.

அக்டோபரில் தங்குவோர் அறிய வேண்டிய வேறு சிலவும் உள. மாத இறுதியில் ஹாலோவீன் வரும். பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக வந்து மிட்டாய் கேட்பர். கொலம்பஸ் வட்டாரத்தில் இதற்குப் ‘பிச்சைக்காரர் இரவு’ என்றே ஒரு பெயர் வழங்குகிறது. வாசல் விளக்கை ஏற்றி வைத்தால் வரலாம் என்று பொருள், அணைத்துவிட்டால் வரமாட்டார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவர். நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணியாக இருந்த வேறுபாடு பத்தரை மணி ஆகிவிடும். தெரியாமல் ஊருக்குத் தொலைபேசி செய்து உறங்குவோரை எழுப்பாதீர். வட்டவூருக்குப் போவோர், நேரமிருந்தால், தெற்கே சில மைலில் உள்ள லோகன் நினைவிடத்தையும் காணலாம். தம் குடும்பத்தாரை வெள்ளையர் கொன்றதை எண்ணி 1774இல் அப்பழங்குடித் தலைவர் கூறிய துயர மொழியை ஜெஃபர்ஸன் தம் நூலில் சேர்த்து வைத்திருக்கிறார். லோகன் பேசிய இடம் என்று மக்கள் போற்றி வந்த எல்ம் மரம் 1964இல் பட்டுப்போயிற்று. நினைவிடம் மட்டும் இருக்கிறது. காலையில் கம்பளிச் சட்டை தேவை. நண்பகலில் கையில் தூக்கி வரவேண்டியிருக்கும்.

ஊர் திரும்பியதும் சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்று விடை வந்தது. நியாயந்தான், அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நானே. பிறகு பலமுறை பேசி, 2025 பொங்கலைத் திரும்பவும் பூங்காவிலே வைத்தோம். கடுமையான பனிமூட்டம். அடுப்பு பற்றப் பத்து மணி ஆயிற்று. விறகுப் பொறுப்பைக் கல்லூரிப் பையன்கள் மூவரிடம் கொடுத்திருந்தோம். ஈர விறகாக வாங்கி வந்துவிட்டார்கள். பொங்கல் புகை நாற்றம் அடித்தது. வந்தவர் எண்பது பேர் இருக்கும். இருபது வயதுக்கு உட்பட்டவர் பதினொருவர் என்று நானே எண்ணினேன்.

வரும் பொங்கலுக்கும் பூங்காதான். விறகை இம்முறை முன்னதாகவே வாங்கி உலர்த்துவதாக அப்பையன்கள் சொல்லியிருக்கின்றனர். காய் நறுக்குவோர் வரிசையில் என் பெயரை எழுதியிருக்கிறேன். சீதாபலின் தோல் கடினமானது. வீட்டில் நல்ல அரிவாள்மணை வைத்திருக்கும் அன்பர்கள் முதல் நாள் மாலையே கொண்டுவந்து உதவ வேண்டுகிறேன்.